கம்பு வண்டி போன வழி

அப்பீல் கோர்ட்டில் சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள் என்பதை என் அப்பா கடைசிவரை நம்பவில்லை. அரியலூர் வக்கீல் சொன்னார், திருச்சி வக்கீல் சொன்னார், நானும் சொன்னேன். மூன்று பேர் சொல்லியும், அப்பீல் விசாரணை நாளன்று எங்கள் சாட்சிகள் பதினோரு பேரையும் அரியலூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்து ரயிலேற்றிவிட்டார். பேச வேண்டியதில்லை என்றால் ஜட்ஜ் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வார் என்பது அவர் கேள்வி. எழுதி வைத்திருப்பதைப் படித்துச் சொல்வார் என்றேன். படித்தே சொல்லிவிடலாம் என்றால் முதல் கோர்ட்டில் அத்தனை நாள் அலைய வைத்தது எதற்கு என்று திருப்பிக் கேட்டார். அவரிடம் எனக்கு வாய் கொடுத்து மாளாது.

வழக்கை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் குரும்பலூருக்குப் பக்கம், கரிசல் பூமி. எங்களுக்கு இருந்தது ஆறு ஏக்கர் மானாவாரிக் காடு, அவ்வளவுதான். அதற்குக் கிழக்கே கல்லுக் கரடு, தெற்கே ஏரிப் பள்ளம், மேற்கே ஓடை. வடக்கே ஊர் ரோடு இருந்தாலும், ரோட்டுக்கும் எங்கள் காட்டுக்கும் நடுவில் இன்னொருவருடைய காடு கிடந்தது. அவர் ஊர் முறையில் அப்பாவுக்கு மச்சான். அவர் காட்டைத் தாண்டித்தான் எங்கள் வண்டி போக வேண்டும், வர வேண்டும். என் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தோம்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில், பஸ்ஸெல்லாம் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய காலத்தில், மச்சானுக்கு எங்கள் காட்டின் மேல் ஆசை வந்தது. விலைக்குக் கேட்டார். அப்பா மாட்டேன் என்றார். மறுபடி கேட்டார். மறுபடியும் மாட்டேன் என்றார். ஐப்பசியில் எங்கள் கம்பு அறுப்புக்கு வந்திருந்த நேரம் பார்த்து, அவர் தன் காட்டைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார். வண்டியோடு போய் நின்ற அப்பாவிடம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னாராம்:

"காட்ட எனக்கே குடுத்துடு மாப்ள. றெக்கை மொளைச்சாத்தான் இனிமே நீ அங்க போவ முடியும்."

அந்த வருஷக் கம்பை அம்மாவும் அண்ணனும் அண்ணியும் தலைச்சுமையாகக் கரட்டின் மேல் ஏற்றி இறக்கினார்கள். ஒரு பொழுதுக்கு மூன்று நடைக்கு மேல் முடியவில்லை. பாதிக் கதிர் மழையில் முளைத்துப்போயிற்று. அடுத்த வருஷம் விதைக்கவே இல்லை. எரு கொண்டுபோக முடியாத காட்டில், விளைந்ததைக் கொண்டுவர முடியாத காட்டில், எதைப் போடுவது? இன்னும் இரண்டு வருஷம் இப்படித் தரிசாகக் கிடந்தால் மச்சான் கேட்ட விலைக்கே கொடுத்துவிட வேண்டியதுதான். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார். கேட்டு நச்சரிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

நான் அப்போது அரியலூரில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பிள்ளைகளை எண்ணுவது, சிலேட்டை எண்ணுவது, சாக்பீஸை எண்ணுவது என்று எண்ணிக்கையே பிழைப்பாக இருந்தது. முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டதும், வக்கீல் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓடுவதும் என் வேலையாயிற்று. வக்கீல் சட்டத்தை எனக்கு விளக்கினார். பிறத்தியார் நிலத்தில் வழி கேட்க வேண்டுமானால் இருபது வருஷத்துக்குக் குறையாமல் அந்த வழியில் போயிருக்க வேண்டும். ஒளிந்து போயிருக்கக் கூடாது, தயவு கேட்டும் போயிருக்கக் கூடாது, யாரும் தடுத்திருக்கவும் கூடாது. நாங்கள் போனது ஐம்பது வருஷத்துக்கு மேல். அதனால் ஜெயித்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு, ஊரில் வண்டி ஓட்டுகிற பதினோரு பேரைச் சாட்சிக்குக் கொண்டுவந்தோம்.

டவாலி பேர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறினார்கள். அவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல முன்சீப் குனிந்தபடியே இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். எங்கள் வக்கீல் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: வண்டி எந்த வழியாகப் போகும்? ஆறு பேர் மச்சான் காட்டின் நடு வழியாக என்றார்கள். ஐந்து பேர் அதே காட்டின் மேற்கு எல்லையில் ஓடைக்கரை ஓரமாக என்றார்கள். எதிர் வக்கீல் கெட்டிக்காரர். சாட்சிகளைத் தடுமாற வைப்பதற்காகக் குறுக்கும் நெடுக்குமாகக் கேட்டார். கடைசியாகப் போனது எந்த வருஷம், என்ன பாரம் ஏற்றினாய், மாடு யாருடையது, கூட யார் வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. வெளியே வந்ததும் அப்பா பதினோரு பேருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

தீர்ப்பு எங்களுக்கு விரோதமாக வந்தது.

நகல் வாங்கி, பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரணாகச் சொல்கிறார்கள். ஆறு பேர் ஒரு பாதை, ஐந்து பேர் வேறு பாதை. பாதை எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள், பாதை இருக்கிறது என்று சொல்வதை எப்படி நம்புவது? நிச்சயமான ஒரு தடத்தில் இருபது வருஷம் போனதாக வாதி நிரூபிக்கவில்லை. இவ்வளவுதான் சாரம். பன்னிரண்டு பக்கத்தில் இதை முன்சீப் எழுதியிருந்தார்.

அப்பாவுக்குக் கோபம்கூட வரவில்லை. குழப்பம்தான்.

"யாரு மாத்திச் சொன்னா? எல்லாரும் சரியாத்தானே சொன்னான்?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. கோர்ட்டில் உட்கார்ந்து பதினோரு பேரையும் கேட்டவன் நான். ஒருவர் நடுக்காடு என்றபோதும் சரி என்று தலையாட்டினேன், அடுத்தவர் ஓடைக்கரை என்றபோதும் சரி என்று தலையாட்டினேன். கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு அதில் முரண் தெரியாது. காய்ந்திருக்கும்போது கரிசல் மண் பாறை மாதிரி, எங்கே வேண்டுமானாலும் வண்டி ஓட்டலாம். நாலு நாள் மழை பெய்துவிட்டால் அச்சுவரைக்கும் சக்கரம் இறங்கும், மாடு முழங்கால் போட்டுவிடும். அதனால் தை, மாசியில் சோளம் ஏற்றுகிற வண்டி நடுக்காட்டு வழியாக நேராக ரோட்டுக்குப் போகும். பருத்தி வண்டியும் அப்படித்தான். புரட்டாசி, ஐப்பசியில் கம்பு ஏற்றுகிற வண்டி ஓடைக்கரை மேட்டில், சரளைக் கல் மேல் சுற்றிக்கொண்டு போகும். இதைக் கோர்ட்டில் சொல்ல வேண்டும் என்று பதினோரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை. அரியலூர் டவுனில் மூன்று வருஷம் குடியிருந்த எனக்குமா தோன்றக் கூடாது?

வக்கீலிடம் போய்ச் சொன்னோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இத ஏன் முன்னாடியே எங்கிட்ட சொல்லல?"

"மழையில நடுக்காட்டுல வண்டி எறங்கிடும்னு ஒருத்தர் சொல்லித் தரணுங்களா?" என்றார் அப்பா.

"நான் தா.பழூர்க்காரன்யா. எங்க பக்கம் நெல்லு வண்டி வாய்க்கா கரை மேல போவும். தையிலயும் அதே கரை, ஐப்பசியிலயும் அதே கரை."

முன்சீப் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குச் சொன்னதை வைத்துத்தான் அவர் எழுத முடியும். நாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் காப்பி குடித்துவிட்டு வந்திருந்தோம்.

அப்பீலுக்குத் திருச்சியில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். ஒல்லியான மனிதர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போடுவார். நாங்கள் சொன்ன மழைக்கதையை முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்:

"எனக்குப் புரியுது. ஜட்ஜுக்கும் புரியும். ஆனா அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாரு. இது எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?"

எந்தப் பக்கத்திலும் இல்லை. அப்பீலில் புதிதாக ஒரு சாட்சியைக் கொண்டுவந்து மழையைப் பற்றிச் சொல்ல வைக்கலாமா என்று கேட்டேன். மறந்துவிட்டோம் என்பதற்காகவெல்லாம் அதை அனுமதிக்க மாட்டார்கள் என்றார். முதல் கோர்ட்டில் எழுதிவைத்த காகிதத்துக்குள்ளேயேதான் அப்பீல் நடக்கும். உள்ளே இல்லாத விஷயம் உலகத்திலேயே இல்லாத மாதிரி.

சாட்சியங்களின் நகல் எண்பத்திரண்டு பக்கம். அதைக் கையில் வாங்கிக்கொண்டு அரியலூர் வந்தேன். ரயிலில் ஒரு தடவை படித்தேன். லால்குடி வருவதற்குள் தலைவலி வந்துவிட்டது. ஒன்றும் அகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் காலியாக இருந்தது. மூன்றாம் வகுப்புக் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் நடுக்காட்டு ஆறு பேரையும் அந்தப் பக்கம் ஓடைக்கரை ஐந்து பேரையும் எழுதிவைத்தேன். ஒவ்வொருவரும் சொன்ன வருஷத்தை எதிரே எழுதிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. மாடு யாருடையது என்று எழுதினேன், அதிலும் இல்லை. அழித்துவிட்டு, என்ன பாரம் என்று எழுத ஆரம்பித்தேன்.

ஓடைக்கரை என்றவர்கள் ஐந்து பேர். கம்பு, கம்பு, கம்பு, கம்பு, கம்பு.

நடுக்காடு என்றவர்களில் நான்கு பேர் சோளம், ஒருவர் பருத்தி.

என்ன பாரம் என்று எங்கள் வக்கீல் கேட்கவே இல்லை. எதிர் வக்கீல்தான் மடக்கப் பார்த்து, பதினோரு பேரிடமும் ஒருவரையும் விடாமல் கேட்டு, முன்சீப் கையாலேயே எழுத வைத்திருக்கிறார். சாக்பீஸை வைத்துவிட்டு அந்த வெறும் வகுப்பில் நான் சத்தமாகவே சிரித்தேன்.

சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. நடுக்காடு ஆறு பேர். நான் சொன்னது ஐந்து. மீதி ஒருவர் ஏழாம் சாட்சி. ஊரில் கூலிக்கு வண்டி ஓட்டுகிறவர், எங்களுக்கும் ஓட்டுவார், மச்சானுக்கும் ஓட்டுவார். அவர் ஏற்றியது கம்பு. போனது நடுக்காட்டு வழியாக. பத்துப் பேர் ஒழுங்காக வரிசையில் நிற்க, ஒரே ஒருவர் வரிசையைக் கெடுத்துக்கொண்டு நின்றார்.

திருச்சி வக்கீலிடம் இரண்டையும் சொன்னேன். முதல் விஷயத்தைக் கேட்டு இரண்டு சிட்டிகை பொடி போட்டார். ஏழாம் சாட்சி விஷயத்துக்கு, அதை அவர்களே எடுக்கட்டும் என்று மட்டும் சொன்னார். எடுத்தால் என்ன செய்வீர்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி நிம்மதியாக இருப்பது? விசாரணை நாள் வரைக்கும் நான் நிம்மதியாக இருக்கவில்லை.

அந்த நாளும் வந்தது. அப்பா, நான், பதினோரு பேர், ஆகப் பதின்மூன்று பேர். கொள்ளிடப் பாலத்தில் ரயில் போகும்போது இரண்டு பேர் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கோர்ட்டில் பின்வரிசை முழுவதையும் நாங்களே அடைத்துக்கொண்டோம். யாரும் யாருடைய பேரையும் கூப்பிடவில்லை. எல்லாம் இங்கிலீஷ். ஏழாம் சாட்சி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

எங்கள் வக்கீல் எழுந்தார். எதிர்க்கட்சியின் கேள்விகளிலிருந்தே பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினார். இந்தச் சாட்சி ஓடைக்கரை என்கிறார், பாரம் கம்பு. இவர் நடுக்காடு, பாரம் சோளம். கம்பு அறுப்பது எந்த மாதம், சோளம் அறுப்பது எந்த மாதம் என்பதற்கு மச்சானே கூண்டில் ஏறிச் சொன்ன பதிலையும் படித்தார். கரிசல் மண் என்பதை மச்சானே தன் எதிர்வாதத்தில் எழுதியிருந்தார். ஜட்ஜ் பேனாவை எடுத்து ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

எதிர் வக்கீல் எழுந்ததும் நான் பயந்தபடியே நேராக ஏழாம் சாட்சிக்குப் போனார். வாதி சொல்லும் இந்தப் புதுக்கதை உண்மையானால் கம்பு ஏற்றிய வண்டி நடுக்காட்டில் எப்படிப் போயிற்று என்று கேட்டார். குரலில் அவ்வளவு இனிப்பு. எங்கள் வக்கீல் எழுந்திருக்கவே இல்லை. குனிந்து பொடி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"வாத்தியாரே, நம்மளப் பத்தித்தான் பேசுறாங்களா?" என்று ஏழாம் சாட்சி என் காதில் கேட்டார்.

"ஒன்னப் பத்தித்தான்."

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலியே?"

"சும்மா இரு."

ஜட்ஜ் நகலில் அந்த இடத்தைப் பிடித்தார். படித்தார். பிறகு அந்தத் தாளைத் திருப்பி அடுத்த பக்கத்தையும் படித்தார். அவர் கண்ணாடி மேலும் கீழுமாகப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து எதிர் வக்கீலைப் பார்த்து, நீங்கள் அடுத்ததாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்களே, அதைப் படிக்கிறீர்களா என்றார்.

எதிர் வக்கீல் தன் தாளைத் திருப்பினார். படித்தார். அந்த இனிப்பு அப்போதுதான் போயிற்று. அது எந்த வருஷம் என்பது அவர் கேட்ட கேள்வி. ஏழாம் சாட்சிக்கு வருஷக் கணக்குத் தெரியாது. அதனால் அவர் தனக்குத் தெரிந்தபடி சொல்லியிருந்தார்: ஆடு மாட்டையெல்லாம் மேய்ச்சலுக்குத் திருமழபாடிப் பக்கம் கொள்ளிடக் கரைக்கு ஓட்டிக்கொண்டு போன வருஷம், ஆடியில் விதைப்புக்குப் பெய்ததோடு சரி, கார்த்திகை வரைக்கும் ஒரு பொட்டு மழை இல்லை.

வருஷம் எண்ணாக இல்லையே என்று கரும்பலகையில் அவருக்கு எதிரே காலியாக விட்டுவிட்டு, நான் பாரத்தையும் வழியையும் மட்டும் தேடிக்கொண்டு போனதில், தாளின் மறுபக்கத்தில் இருந்த மழையை விட்டுவிட்டேன். ஐப்பசியில் மழை பெய்யாத வருஷத்தில் கம்பு வண்டி நடுக்காட்டில்தான் போகும். வரிசையைக் கெடுத்தவர்தான் காரணத்தையே சொல்லியிருக்கிறார். பதினோரு பேரில் மழை என்ற சொல்லை உச்சரித்த ஒரே ஆள் அவர்தான்.

எதிர் வக்கீல் லேசில் விடுகிறவர் இல்லை. அப்படியே இரண்டு தடம் என்றாலும், ஒவ்வொன்றும் வருஷத்தில் சில மாதம்தான் புழங்கியது, இருபது வருஷம் தொடர்ந்து புழங்கியதாக ஆகாது என்று சட்டத்தை எடுத்தார். அதற்கு ஜட்ஜ், மழையில் மட்டும் குடை பிடிக்கிறவருக்கு அந்தக் குடை சொந்தமில்லை என்பீர்களா என்று கேட்டார். நாலைந்து வக்கீல்கள் சிரித்தார்கள். எங்கள் பின்வரிசையும் சிரித்தது. ஒரு வார்த்தை புரியாமல், மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்று சிரித்தார்கள். டவாலி அதட்டினார்.

வெளியே வந்ததும் வக்கீலிடம் கேட்டேன், அடுத்த பக்கம் உங்களுக்குத் தெரியாதா என்று.

"தெரியாமயா? நாலு தடவை படிச்சேன். நான் எடுத்துக் காட்டினா அது என்னோட வாதம். ஜட்ஜே தாளைத் திருப்பிக் கண்டுபிடிச்சா அது அவரோட முடிவு. யாராவது தன்னோட முடிவ மாத்திக்குவாங்களா, வாத்தியாரே?"

முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருக்கலாம். அந்த மனஸ்தாபம் எனக்கு இன்றுவரை இருக்கிறது.

தீர்ப்புச் சொல்ல வேறு நாள் போட்டார்கள். அன்றைக்கு அப்பாவும் நானும் மட்டும் போனோம். ஜட்ஜ் கடைசி வரியை மட்டும் வாசித்துவிட்டு அடுத்த வழக்குக் கட்டை எடுத்துவிட்டார். அப்பீல் அனுமதிக்கப்பட்டது, செலவோடு.

"அனுமதிச்சிட்டாங்கப்பா," என்றேன்.

"அனுமதிச்சதாலதானே இத்தன நாளா நடந்துச்சு? முடிவு என்னான்னு கேளு."

"அதுதான் முடிவு. கம்புக்கு ஓடைக்கரை, சோளத்துக்கு நடுக்காடு. ரெண்டு வழியும் நமக்கு."

அப்பா கோர்ட்டு வராந்தாவிலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், யார் என்று தெரியாதவர்களிடம்கூட, ரெண்டு வழியும் நமக்கு என்று சொல்லிக்கொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தார்.

மச்சான் மதராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனார். நான் மறுபடி கவலைப்பட ஆரம்பித்தேன். திருச்சி வக்கீல் சிரித்தார். யார் எந்த வழியில் போனான் என்கிற சங்கதியெல்லாம் முதல் அப்பீலோடு முடிந்தது, ஹைகோர்ட்டு அதற்குமேல் சட்டத்தில் பிசகு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், மண்ணைத் தோண்டிப் பார்க்காது என்றார். அப்படியே ஆயிற்று. எங்களைக் கூப்பிடாமலேயே அந்த அப்பீலைத் தள்ளிவிட்டார்கள். இதுவாவது முன்பே சொன்னாரே என்று இருந்தது.

பங்குனியில் கோர்ட்டு அமீனா வந்து, தண்டோரா போட்டு, இரண்டு இடத்தில் வேலியைப் பிரித்துவிட்டார். நானும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் காட்டில் ஒன்றும் விளையவில்லை, தரிசாகத்தான் கிடந்தது. ஏற்றிவர ஒரு கட்டு சோளத்தட்டைகூட இல்லை. அப்பா அதற்காக நிற்கவில்லை. காலி வண்டியைப் பூட்டினார். நடுக்காட்டு வழியாகப் போய், எங்கள் காட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, ஓடைக்கரை வழியாகத் திரும்பி ரோட்டுக்கு வந்தார். மறுபடி நடுக்காட்டில் இறங்கினார். பதினோரு சாட்சிகளும் ரோட்டில் நின்று பார்த்தார்கள். மூன்றாவது சுற்றில் அவர்களில் நாலு பேர் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். பிரித்த இடத்தில் கிடக்கிற முள் மாட்டுக் காலில் ஏறிவிடும் என்று நான் கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா ஓடைக்கரையில் நின்றுகொண்டு, கரடு ஏறின வருஷத்திலிருந்து அடக்கிவைத்த கோபத்தையும் சேர்த்து, இன்னொரு சுற்று ஓட்டு என்றாள்.

மச்சான் தன் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது தடவை வண்டி அவரைத் தாண்டும்போது எழுந்து வந்தார். எங்கே கைகலப்பு ஆகிவிடுமோ என்று நான் முன்னால் ஓடினேன். அவர் அடிக்க வரவில்லை.

"ஏன் மாப்ள, ஒரு நாளைக்கு எத்தன நடைன்னு தீர்ப்புல எழுதலியா?"

அப்பா வண்டியை நிறுத்தவில்லை. மூக்கணாங்கயிற்றை ஒரு சுண்டு சுண்டிவிட்டுச் சொன்னார்:

"அதுக்கு வேணா தனியா ஒரு அப்பீல் போடு மச்சான்."